அரிசியில் வெள்ளைக் கல்: ஈரலில் 1 செ.மீ. புற்றைத் தேடும் பெட் ஸ்கேன்

[காட்சி: முறத்தில் பரப்பிய அரிசி. ஒரு விரல் துழாவுகிறது.]

அரிசியில் கிடக்கும் கருங்கல்லை யாரும் பொறுக்கிவிடுவார்கள். அரிசி நிறத்திலேயே இருக்கும் வெள்ளைக் கல்தான் பல்லில் கடிபடும்வரை தெரியாது. ஈரலில் 1 செ.மீ. அளவில் முளைக்கும் புற்றும் அப்படித்தான். 2 செ.மீ. தாண்டாத ஒற்றைக் கட்டி என்றால் ஊசியை உள்ளே செலுத்தி வெப்பத்தால் கருக்கிவிடலாம். அதனால் பெட் ஸ்கேனில், அதாவது உடலில் ஏற்றிய கதிரியக்க மருந்து சேரும் இடத்தைப் படம்பிடிக்கும் முறையில், அந்தக் கல்லுக்கு மட்டும் நிறம் ஏற்றிக் காட்டும் வழியைத் தேடுகிறார்கள்.

[காட்சி: அல்ட்ராசவுண்ட் திரை. முடிச்சு முடிச்சான ஈரல்.]

சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகும் நோய் உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஈரல் புற்றில் கூடக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில். இதுதான் வழக்கமான கண்காணிப்பு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆரம்பநிலைப் புற்றில் அல்ட்ராசவுண்ட் மட்டும் பிடித்தது ஏறக்குறைய 47%. ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தால் 63%. சிரோசிஸ் ஈரல் முழுக்கவே முடிச்சுகள் என்பதால், எது தழும்பு, எது புற்று என்று எதிரொலியை வைத்துப் பிரிப்பது கடினம்.

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கின்றன. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே வருகிறது. புற்றோ வளர வளரத் தமனி ரத்தத்துக்கு மாறிக்கொள்ளும். ரத்த ஓட்டத்தைத் துலக்கிக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் அது முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றுப்புறத்தைவிட மங்கும். சின்னக் கட்டிகள் பலவற்றில் இந்த மாற்றம் பாதியில்தான் இருக்கும். அங்கேதான் தவறுகிறது.

[காட்சி: எம்.ஆர்.ஐ. வெளுத்த ஈரலில் ஒரு கரும்புள்ளி.]

மூலக்கூறு அளவில் தேடும் ஒரு முறை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கேடாக்ஸெட்டேட் என்ற எம்.ஆர்.ஐ. மருந்து, கிலோவுக்கு 0.1 மி.லி., 60 கிலோ ஆளுக்கு 6 மி.லி. நல்ல ஈரல் செல்கள் இதை ஒரு கடத்திப் புரதத்தின் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும்; பெரும்பாலான புற்றுச் செல்களில் அந்தப் புரதம் குறைவு. 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் ஈரல் வெளுத்திருக்க, கட்டி கறுப்பாக நிற்கும். ஆனால் மஞ்சள் காமாலை முற்றி பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்தில் ஏறியிருந்தால் ஈரலே மருந்தை எடுக்காது. வெளுப்பு வராது, கரும்புள்ளியும் எடுபடாது.

வழக்கமான பெட் ஸ்கேன் போதாதா? பலர் கேட்கும் கேள்வி இது. அதில் ஏற்றுவது எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரை. செல்லுக்குள் போனதும் அதில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஈரல் செல்லிலோ அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி இருக்கிறது. ஆரம்பநிலைப் புற்று இன்னும் ஈரல் செல்லின் சாயலிலேயே இருப்பதால், அதுவும் கழற்றி வெளியே விட்டுவிடும். புள்ளி பக்கத்து ஈரலோடு கலந்து மறைந்துபோகும்.

[காட்சி: செல்லின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் புரதம்.]

எனவே கட்டியில் இருந்து ஈரலில் இல்லாத ஒரு பொருள் வேண்டும். கிளிப்பிகன்-3 அப்படிப்பட்டது. கருவிலிருக்கும் குழந்தையின் ஈரலில் இந்தப் புரதம் இருக்கும். வளர்ந்தவர் ஈரலில் அடங்கிவிடும். புற்று வந்தால் பத்தில் ஏழெட்டில் மறுபடி தலைகாட்டும்.

இதைத் தேடிப் பிடிக்க முதலில் அந்தப் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியை அனுப்பினார்கள். அதில் ஜிர்கோனியம்-89 என்ற கதிரியக்கத் தனிமத்தை ஒட்டினால் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 78 மணி நேரம். சில நாள் காத்திருந்து படம் எடுக்கலாம். சிக்கல், ஆன்டிபாடியை உடைக்கும் வேலையைச் செய்வதும் ஈரல்தான். அந்தக் கழிவு அங்கேயே தங்கி ஒளிரும். அதற்குப் பதில் பெப்டைடு என்ற சிறிய புரதத் துண்டில் கதிரியக்க காலியம்-68ஐ ஒட்டி அனுப்பினால், அது சிறுநீரகம் வழியே சீக்கிரம் வெளியேறிவிடுவதால், ஏற்றி 1 மணி நேரம் போல் ஆனதும் படம் எடுத்துவிடலாம். எங்கள் கணிப்பில் இந்த வழிக்கே எதிர்காலம் அதிகம்.

[காட்சி: ஈயக் கவசத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர், சின்னக் குப்பி.]

இதைத் தயாரிக்கும் மேசையை நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் படம் கெடுவது பல நேரம் இங்கேதான். காலியம்-68ஐ உண்டாக்கும் ஜெனரேட்டர் என்ற கருவியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டு அதைக் கறக்க வேண்டும். அரை ஆயுள் 68 நிமிடம்தான், தாமதிக்க நேரமில்லை. அமிலத் தன்மையை நிலையாக வைக்கும் பஃபர் சேர்த்து பி.எச். 4 அருகே வைத்து, பெப்டைடோடு 95 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றி, கார்ட்ரிட்ஜில் வடித்துச் சுத்தப்படுத்துவார்கள்.

ஜெனரேட்டரை நீண்ட நேரம் கறக்காமல் விட்டால் காலியம் சிதைந்து துத்தநாகமாகச் சேரும். அது பெப்டைடில் காலியத்தின் இடத்துக்குப் போட்டியிடும். அதனால் சில மணி நேரம் முன்பே ஒருமுறை கறந்து கொட்டுவது நல்லது. பி.எச். ஏறிவிட்டால் இன்னும் மோசம்: காலியம் கூழ்மமாகத் திரண்டு, நேராக ஈரலின் துப்புரவுச் செல்களுக்குப் போய்ச் சேரும். கட்டியைத் தேடப் போய் ஈரல் மொத்தத்தையும் ஒளிர வைத்ததுதான் மிச்சம். காலியத்தில் எவ்வளவு பெப்டைடில் ஒட்டியிருக்கிறது என்ற தூய்மை 95%க்குக் கீழே இருந்தால் ஏற்றக் கூடாது.

ஸ்கேனரில் அடுத்த தடை மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரல் 1 முதல் 2 செ.மீ. ஏறி இறங்கும். பெட் கேமராவின் தெளிவே 5 மி.மீ. சுற்றில் என்பதால், 8 மி.மீ. கட்டியின் ஒளி பரவி மங்கலாகத்தான் தெரியும். மூச்சின் கட்டத்தைப் பார்த்துப் பிரித்துச் சேர்க்கும் முறையும், ஈரல் பகுதிக்கு மட்டும் கூடுதல் நிமிடங்களும் கைகொடுக்கும். உதரவிதானத்தை ஒட்டிய புள்ளி நுரையீரலில் இருப்பதுபோல் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம், சி.டி. எடுத்தபோது இருந்த மூச்சும் பெட் எடுத்தபோது இருந்த மூச்சும் ஒத்துப்போகாததால் அப்படித் தெரியலாம்.

[காட்சி: பெட், எம்.ஆர்.ஐ. படங்கள் அருகருகே.]

புள்ளி தெரியவில்லை என்றால் புற்று இல்லை என்று பொருளல்ல. நன்கு முதிர்ந்த ஈரல் செல்லை ஒத்த ஆரம்பநிலைக் கட்டிகளில் கிளிப்பிகன்-3 குறைவாகவே இருக்கலாம்.

இந்தப் பெட் ஸ்கேன் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. சிரோசிஸ் உள்ளவர்கள் இப்போதைக்குத் தங்கள் அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஈரல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதற்கு ஏ, பி, சி என்று ஒரு மதிப்பெண் உண்டு. உங்களுக்கு சி என்றால், அடுத்த முறையும் அதே அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள்.