அழுத்தினால் அடைத்துக்கொள்ளும்

நேயர்களுக்கு வணக்கம். சல்லடையில் மணல் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் கல் வந்து கண்களை அடைத்துக்கொள்ளும். கையால் அழுத்தினால் இறங்குமா? இன்னும் இறுகும். சல்லடையை ஆட்டத்தான் வேண்டும். பாக்டீரியாவிலிருந்து புரதத்தை வடிகட்டி எடுக்கும் வேலையில் இதை நான் புரிந்துகொள்ள ஓர் இரவு முழுக்கத் தேவைப்பட்டது.

மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, 1978-ல் இன்சுலின் செய்துகாட்டினார்கள். 1982-ல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அதன்பின் எத்தனையோ புரதங்கள் இப்படி வந்துவிட்டன. ஆனால் புரதம் பெரும்பாலும் பாக்டீரியாவின் உள்ளேயே தங்கிவிடும். செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உடைத்தபின் வடிகட்டுவதற்குச் சவ்வு இருக்கிறது. அதன் துளை 0.2 மைக்ரான். பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரான். கரைந்திருக்கும் புரதமோ சில நானோமீட்டர்தான், அதாவது ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் சில பங்கு. சுலபமாகப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அன்று இரவு முதலில் நன்றாகவே வடிந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. அழுத்தத்தைக் கூட்டினேன். சற்று வேகம் எடுத்துவிட்டு முன்பைவிடக் குறைந்தது. மறுபடியும் கூட்டினேன்! விடிந்தபோது சவ்வின் மேல் பசை போல ஒரு படலம். உடைந்த செல் துணுக்குகளும் டி.என்.ஏ-வும் சேர்ந்து அப்பியிருந்தன. அந்தப் படலமே இன்னொரு வடிகட்டியாகி, எனக்கு வேண்டிய புரதத்தையும் மேலேயே பிடித்து வைத்திருந்தது. எதைக் கொட்டிவிட இருந்தேனோ அதில்தான் என் சரக்கு இருந்தது.

மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். “அழுத்தாதே, ஓடவிடு” என்றார். கரைசலைச் சவ்வுக்கு நேராகத் தள்ளாமல், அதன் மேற்பரப்பை ஒட்டி வேகமாக ஓடவிட வேண்டும். அந்த ஓட்டமே படிவதைக் கழுவிக்கொண்டு போகும். டி.என்.ஏ-வை ஒரு நொதியால் முன்பே வெட்டிவிட்டால் கொழகொழப்பும் குறையும். மறுபடியும் சொல்கிறேன், அழுத்தக் கூடாது, ஓடவிட வேண்டும். இன்றும் யாராவது அழுத்த மானியைத் தொட்டால் எனக்குக் கை பதறும்.

சரி, நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். அடுத்த கட்டத்தில் வேலை தலைகீழ். இன்னும் நுண்ணிய சவ்வில் புரதம் தங்கும், உப்பும் நீரும் போகும். போகிற அளவுக்கு இந்தப் பக்கம் புதுக் கரைசலைச் சேர்த்துக்கொண்டே இருந்து, மொத்தக் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு விட்டால், பழைய உப்பில் 1 சதவீதம்கூட மிஞ்சாது. பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். ஊசி மருந்தில் துளி இருந்தாலும் காய்ச்சல் வரும். அதை நீக்கச் சவ்வு மட்டும் போதாது. நேரமாகிவிட்டது. வணக்கம்.