அர்த்த ராத்திரிக் குடை

மேடையில் இருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, ஜமாத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மைக் செட் போட்டுவிட்டு இன்னும் காசு வாங்காத தம்பியே, முன்வரிசையில் மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாம்பன் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வணக்கத்துக்கே போயிற்று.

பட்டப்பெயரை யார் வைக்கிறார்கள், ஏன் அது ஒட்டிக்கொள்கிறது, வைத்தவனுக்கு என்ன மிச்சம் என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். 1971-இல் உகாண்டாவைப் பிடித்த இடி அமீன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று, நிலத்து விலங்குகளுக்கும் கடல் மீன்களுக்கும் அதிபதி. உகாண்டாவுக்குக் கடலே கிடையாது அக்கா, ஏரிதான்! 1979-இல் நாட்டை விட்டு ஓடினபோது ஒரு சாளைகூட வழியனுப்ப வரவில்லை. தானாக வைத்துக்கொண்ட பெயர் அப்படி. ஊர் வைத்தால் நிற்கும். முகமது பின் துக்ளக் செத்தது 1351-இல், கோணல் உத்தரவு வந்தால் இன்னமும் துக்ளக் தர்பார் என்கிறோம்.

சரி, நம் கரைக்கு வருவோம். பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவர், பெயர் வேண்டாம், வாயைத் திறந்தால் நான் போட்டேன், நான் கொண்டுவந்தேன். தடைக்காலம் முடிந்து ஜூனில் படகு போய் நல்ல மீன்பாடு கிடைத்தது, அதற்கும் 'மீன்வளம் தந்த மாமனிதர்' என்று பிளெக்ஸ். கச்சான் காற்றில் அது கிழிந்து விழ, வெயிலில் மீன் விற்கிற பெண்கள் எடுத்து நைலான் கயிற்றில் கட்டி நிழலாக்கிக்கொண்டார்கள். வாய் இருந்த இடத்தில் ஓட்டை. காற்று வரும்போதெல்லாம் முகம் பேத்தை மீனாட்டம் உப்பும், ஓட்டை படபடக்கும். ஒரு அப்பத்தா நிமிர்ந்து பார்த்து, "இந்தா, நானப்பன் பேச ஆரம்பிச்சுட்டான்" என்றாள். சாயங்காலத்துக்குள் பெயர் பஸ் ஸ்டாண்டு போய்விட்டது. இப்போது டீக்கடையில் நுரை மட்டும் பொங்கி நிற்கிற டீக்கு 'நானப்பன் டீ'!

அர்த்த ராத்திரியில் அவருக்குக் குடை, உச்சி வெயிலில் அக்காவுக்குக் கிழிஞ்ச பிளெக்ஸ். இதைத்தான் சொல்ல வந்தேன், மற்ற இரண்டு விஷயம் கிடக்கட்டும். மீன் விற்கிற இடத்தில் ஒரு கூரை வேண்டும், தண்ணீர்க் குழாயோடு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கூரையில் யார் பெயரும் எழுதக் கூடாது என்று கடைசி வரி சேர்த்திருக்கிறோம். பேனா ஒன்றுதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டதும் அடுத்தவரிடம் கொடுங்கள்.