கப்பல் வேகத்தைக் குறைத்தால் கடல் இரைச்சல் குறையும்

தூத்துக்குடி அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடலுக்குள் கண்ணை நம்பிப் பிழைக்க முடியாது. 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. ஒலியோ காற்றில் நொடிக்கு 340 மீட்டர்தான் போகிறது. கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. அதனால் திமிங்கலம், டால்பின், டால்பினின் உறவான கடற்பன்றி ஆகிய மூன்றுக்கும் காதுதான் வாழ்க்கை. இரை தேடுவது, துணையை அழைப்பது, குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாம் ஒலியை வைத்துத்தான்.

அந்தக் கடலை நாம் இரைச்சலால் நிரப்பிவிட்டோம். கலிபோர்னியாவுக்கு எதிரே, சான் நிக்கோலஸ் தீவருகே 1960களின் நடுவில் அளந்த இடத்திலேயே 2003-04இல் மறுபடியும் அளந்தார்கள். கப்பல்கள் எழுப்பும் தாழ்ந்த ஒலி 10 முதல் 12 டெசிபல் வரை கூடியிருந்தது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது என்று பொருள்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பிளாஸ்டிக்கை இன்றைக்கு நிறுத்தினாலும் நேற்றுப் போட்டது கடலில் கிடக்கும். இரைச்சல் அப்படியில்லை. எழுப்புவதை நிறுத்தினால் அந்த நொடியே போய்விடும். இதற்குச் சான்று இருக்கிறது.

கனடாவின் கிழக்குக் கரையில் ஃபண்டி விரிகுடா. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் கோடையில் மேய வந்த இடம். உலகிலேயே இப்போது 400க்கும் குறைவாகத்தான் இவை மிஞ்சியிருக்கின்றன. ரோசலிண்ட் ரோலண்ட் என்ற ஆய்வாளரின் குழு அங்கே இவற்றின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. அது செங்கல் நிறத்தில் நீர்மேல் மிதக்கும். நாற்றம் தூரத்திலேயே அடிக்கும். பின்னாளில் மோப்ப நாயைப் படகின் முனையில் நிறுத்தியே அதைத் தேடினார்கள். அருவருப்பான வேலைதான். ஆனால் ஒரு திமிங்கலத்துக்கு ஊசி போட்டு இரத்தம் எடுக்க யாரால் முடியும்? அதன் உடலில் மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்பதை அந்தச் சாணம் சொல்லிவிடும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அங்கே கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. ஆற்றலில் இது நாலில் ஒரு பங்காகக் குறைவது. அந்த நாட்களில் எடுத்த சாணத்தில் அழுத்த ஹார்மோனும் இறங்கியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதே பருவத்தில் அந்த இறக்கம் இல்லை. 2012இல் இந்த முடிவு வெளியானது. யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஆய்வு அது; உலகமே துக்கத்தில் இருந்த நாட்களில் தானாக நடந்துவிட்டது.

இந்தத் தாய்த் திமிங்கலங்கள் குட்டியிடம் மிக மெல்லிய ஒலியில்தான் பேசுகின்றன. கொடை நடக்கும் கோவிலில் ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியில் நின்றுகொண்டு, கையை விட்டுப் போன பிள்ளையைக் கிசுகிசுத்து அழைத்துப் பாருங்கள். கப்பல் பாதையில் அந்தத் தாயின் நிலை அதுதான்.

கடற்படை சோனார், அதாவது நீருக்குள் ஒலி அனுப்பி நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி, வேறு வகை. 2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் கடற்படைப் பயிற்சி நடந்த வேளையில் 14 அலகுத் திமிங்கலங்கள் கரையொதுங்கின. உடற்கூறு பார்த்தபோது உறுப்புகளில் வாயுக் குமிழிகளின் தடயங்கள் இருந்தன. காற்றுக் கலனுடன் ஆழத்தில் மூழ்கி அவசரமாக மேலேறுபவருக்கு வரும் நோயைப் போன்றது. ஸ்பெயின் அரசு 2004இல் அந்தத் தீவுகளைச் சுற்றி சோனாருக்குத் தடை போட்டது. 2013இல் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, அதற்குப் பின் அங்கே ஒரு கூட்டக் கரையொதுங்கல்கூட நடக்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2016 ஜனவரியில் நம் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. உடனே சோனார்தான் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருக்கின்றன. அவை கூட்டத்தை விட்டுப் பிரியாத உயிர்கள். ஒன்று கரைக்கு வந்தால் மற்றவையும் பின்னால் வந்துவிடும். கடலுக்குள் தள்ளிவிட்டவையே திரும்பி வந்ததை இங்குள்ள பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். சான்றில்லாமல் பழி போட்டால், சான்றுள்ள இடத்திலும் நம் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

கடற்பன்றியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட ஐரோப்பாவின் குளிர்ந்த கடலில் வாழும் சிறிய உடல்காரி. உடல்சூடு தணியாமல் இருக்க இரவும் பகலும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 550 சிறுமீன்கள் வரை பிடிக்க முயல்வதை டென்மார்க் கடலில் அதன் உடலில் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். கப்பல் இரைச்சல் நெருங்கும்போது அது தின்பதை நிறுத்துகிறது. கடலில் காற்றாலைத் தூணை அடித்து இறக்கும்போதும் பேரிரைச்சல் எழும். அதைத் தடுக்க ஜெர்மனியில், துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றிக் கடல்தரையில் வளையமாகப் போட்டு அதில் காற்றைச் செலுத்துகிறார்கள். எழும்பும் குமிழித் திரை ஒலியில் பெரும் பங்கைத் தடுத்துவிடுகிறது. 750 மீட்டர் தொலைவில் ஒலி இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்ததும் பொறியாளர்கள் வழி கண்டுபிடித்தார்கள்.

கப்பலுக்கு வழி இன்னும் எளிது. வேகமாகச் சுழலும்போது புரொப்பல்லரின் இதழ்களில் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. இரைச்சலில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. வேகத்தைக் குறைத்தால் குமிழி குறையும். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் துறைமுகம் 2017இல் ஹாரோ நீரிணையில் கப்பல்களை 11 நாட் (மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர்) வேகத்தில் போகச் சொல்லிப் பார்த்தது. சால்மன் மீன் தேடும் ஓர்க்கா என்ற கொலைகாரத் திமிங்கலங்களின் கடலில் இரைச்சல் குறைந்தது. எரிபொருளும் மிச்சம், திமிங்கலத்தின்மீது மோதும் ஆபத்தும் குறைவு.

கப்பல்களுக்கான ஐ.நா. அமைப்பான சர்வதேச கடல்சார் அமைப்பு 2014இல் கப்பல் இரைச்சலைக் குறைக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது, 2023இல் திருத்தியது. இரண்டும் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் நிற்கின்றன. அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அந்த அமைப்பில் இந்தியா குரல் கொடுக்க வேண்டும். துறைமுக நகரத்தில் இருக்கிறோம். இந்த அவையில் கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், அவர்களைப் பெற்றவர்களும் இருக்கிறீர்கள். எங்கே வேகத்தைக் குறைக்கலாம், எவ்வளவு நேரம் கூடும் என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், அதை எழுதி அனுப்பும் வேலையை இன்றைக்கே தொடங்குவோம்.