ராணின்னா யாரு?

வணக்கம் நேயர்களே. ராணின்னதும் கிரீடம், சிம்மாசனம்னுதான் மனசுல வருது, ஆனா இந்த வார்த்தை எங்கெங்க ஒட்டிட்டு இருக்குன்னு ஒண்ணொண்ணா பார்க்கப் போய் எனக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு, இதுல யாருதான் நிஜமா ஆட்சி பண்றாங்க?

குயின்ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கே பழைய காலத்துல பொம்பள, பொண்டாட்டி, அவ்ளோதான் அர்த்தம். ராஜாவைக் கட்டிக்கிட்டா இன்னைக்கும் ராணிதான், ராணியைக் கட்டிக்கிட்டவரு ராஜா ஆகிடுவாரான்னா அதுதான் இல்ல. இங்கிலாந்துல ரெண்டாம் எலிசபெத் 1952லேர்ந்து 2022 வரைக்கும் ராணி, வீட்டுக்காரர் பிலிப் கடைசி வரைக்கும் இளவரசர்தான், பாவம்.

தேனீக்கு வருவோம். கூட்டுல பெருசா இருக்கிறத அரிஸ்டாட்டில் காலத்துல ராஜான்னே நினைச்சிட்டு இருந்தாங்க, 17ஆம் நூற்றாண்டுல ஸ்வாமர்டாம்னு ஒரு டச்சுக்காரர் அறுத்துப் பார்த்தா உள்ள முட்டை உண்டாகுற சினைப்பை! அன்னைக்கே ராஜா பட்டம் காலி. சீசன்ல ஒரு நாளைக்கு ஆயிரம் முட்டைக்கு மேல போடுது, ஆனா உத்தரவுன்னு ஒண்ணும் கிடையாது. முட்டை குறைஞ்சா வேலைக்காரத் தேனீங்களே ஒரு புழுவுக்கு ராயல் ஜெல்லிங்கிற ஸ்பெஷல் சாப்பாடா ஊட்டி அடுத்த ராணிய ரெடி பண்ணிடுதுங்க. தேனீ வளர்க்கிறவங்க ராணி முதுகுல சின்னதா பெயிண்ட் பொட்டு வெப்பாங்க, ராணி பொறந்த வருஷம் 5லயோ 0லயோ முடிஞ்சா நீலம், 1 இல்ல 6னா வெள்ளை. பொட்டு கலரைப் பார்த்தே ராணிக்கு வயசென்னன்னு சொல்லிடலாம், அரண்மனைல இது நடக்குமா?

செஸ்ல மட்டும்தான் ராணி நிஜமாவே ராணி. அதுவும் ஆரம்பத்துல மந்திரி, அதனாலதான் நம்மாளுங்கள்ல சில பேரு இன்னும் மந்திரின்னே சொல்றாங்க. அப்பல்லாம் குறுக்கால ஒரே ஒரு கட்டம்தான் நகரும். 15ஆம் நூற்றாண்டு கடைசில ஐரோப்பாவுலதான் எட்டு பக்கமும் இஷ்டத்துக்குப் போற பவர் கெடச்சுது. இதுல வேடிக்கை, சிப்பாய் கடைசிக் கட்டம் வரைக்கும் நடந்து போய் ராணியா மாறிக்கலாம், ராஜாவா மட்டும் மாற முடியாது.

சீட்டுக்கட்டுல ராணி ராஜாவுக்கு கீழ, கட்டில்ல குயின் சைஸ் கிங் சைஸுக்கு கீழ. இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணுமில்ல.

கேரம்ல இருக்கே அந்த ரெட்டு, அதுவும் ராணிதான். கஷ்டப்பட்டு குழில தள்ளிட்டு கை தட்டுவோம், அடுத்த அடிலயே நம்ம காய் ஒண்ண ஃபாலோ போடலேன்னா ராணி மறுபடி நடு வட்டத்துல வந்து உக்காந்துக்கும்.