பழைய கெக்கில் வீட்டுச் சோடா | காவேரிப்பட்டணம் வ்லாக்

வணக்கம் மக்களே! கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்கிறதே, இரண்டடி உயர எவர்சில்வர் உருளை, அதுதான் இன்றைக்கு விஷயம். இதற்குப் பெயர் கெக். 19 லிட்டர் பிடிக்கும். குளிர்பானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் கடைகளுக்குச் சிரப் அனுப்பிய பாத்திரம் இது. அப்புறம் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து அனுப்ப ஆரம்பித்ததும் இவை மூலையில் போய்விட்டன. வீட்டில் பீர் காய்ச்சும் அமெரிக்கர்கள்தான் இவற்றை வாங்கி உயிர் கொடுத்தார்கள். வீட்டில் பீர் காய்ச்ச அனுமதித்து அங்கே 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் பெரிதாக வளர்ந்தது. கெக்கைக் கழற்றுவது, கழுவுவது, கார்பன் டை ஆக்சைடு கேஸ் ஏற்றுவது என்று நாம் இன்று கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி அவர்கள் கண்டுபிடித்து வைத்ததுதான்.

"அண்ணா, அப்போ பீர் போடுங்கள்" என்று கேட்கிற தம்பிகளுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அந்தச் சட்டம் 1937ஆம் வருடத்தது. ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் என்றால் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்துத்தான். அவர் பிறந்த தொரப்பள்ளியும் ஓசூர் பக்கம்தானே. ஆகவே என் கெக்கில் ஓடுவது சோடா மட்டும்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். கெக் கிடைக்கவில்லை என்று பால் கேனுக்கு மூடியை வெல்டிங் வைத்து கேஸ் ஏற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சோடாவுக்கு 30 பிஎஸ்ஐ (வண்டி டயருக்குக் காற்று அடிக்கும்போது சொல்கிற அளவுதான்) வரை அழுத்தம் தேவைப்படும். மூடியின் குறுக்களவு 20 செ.மீ. என்று வையுங்கள். அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 600 கிலோவுக்கும் மேல். பால் கேன் அதைத் தாங்கச் செய்தது இல்லை. கெக் அழுத்தத்துக்கென்றே செய்தது. இதன் மூடி முட்டை வடிவத்தில் இருக்கிறது, பாருங்கள். சாய்த்து உள்ளே விட்டு, கீழிருந்து மேலே இழுத்துப் பொருத்த வேண்டும். உள்ளே அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுகும். வட்டமாக இருந்திருந்தால் இப்படி உள்ளே நுழைக்கவே முடியாது. இதை யோசித்தவர் யாரோ, பெரிய கெட்டிக்காரர். அதிக அழுத்தம் வந்தால் திறந்துவிட மூடியிலேயே ஒரு வால்வும் இருக்கிறது.

பழைய கெக் வாங்கினால் முதலில் மோந்து பாருங்கள். சிரப் வாசனை அடிக்கும். அந்த வாசனை எஃகில் இல்லை, ரப்பர் ரிங்குகளில்தான் ஊறியிருக்கும். மொத்தம் ஐந்து ரிங்: மூடிக்கு ஒன்று, மேலே இருக்கும் இரண்டு வாய்க்கும் வெளியே ஒவ்வொன்று, உள்ளே குழாய்க்கு ஒவ்வொன்று. ஐந்தையும் மாற்றிவிடுங்கள், உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் ரிங்காகப் பார்த்து. கழற்றும் முன் வால்வை இழுத்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும். நீளக் குழாய் அடிவரை போகும், அது சோடா வெளியே வர. குட்டையானது கேஸ் உள்ளே போக. வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஊறவைத்து, அந்த நீளக் குழாய்க்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் ஆகாது. குளோரின் எவர்சில்வரையே பொடிப்பொடியாக அரித்துக் குழி போட்டுவிடும்.

தண்ணீர். நம்ம இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றி அது இன்னும் கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் பிடியுங்கள்.

சரி, கேஸ். குளிர்பானத்துக்கென்று கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையே கேட்டு வாங்குங்கள், வெல்டிங் பட்டறை சிலிண்டர் வேண்டாம். அழுத்தத்தைக் குறைத்து விடும் ரெகுலேட்டர் இல்லாமல் கெக்கில் மாட்டவே கூடாது. 20 டிகிரியிலேயே சிலிண்டருக்குள் 800 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். நம்ம ஊர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். நிழலில், நிமிர்த்தி, சங்கிலி போட்டுக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கசிந்தால் இந்த கேஸ் தரையோடு தங்கும், மூடிய அறையில் மூச்சு முட்டும்.

சுருசுருப்பு வரவில்லை என்று பலர் அழுத்தத்தைத்தான் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அழுத்தத்தை விடுங்கள், குளிரைக் கவனியுங்கள். 4 டிகிரியில், 30 பிஎஸ்ஐயில், ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய நாலு லிட்டர் கேஸைக் கரைத்துக்கொள்ளும். அதே அழுத்தத்தில் தண்ணீர் 30 டிகிரி இருந்தால் பாதிகூடத் தேறாது. அதனால் முதலில் ஒரு ராத்திரி கெக்கைப் பழைய ஃபிரிட்ஜுக்குள் குளிரவிடுங்கள். பிறகு கேஸ் திறந்து, மேலே தங்கிய காற்று போக வால்வை மூன்று நாலு முறை இழுத்துவிடுங்கள். மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. அப்படியே இணைப்போடு சில நாள் விட்டால் போதும். சோடா பிடிக்கும் குழாய்க்காகத் துளை போட வேண்டுமென்றால் ஃபிரிட்ஜின் கதவில் போடுங்கள். பக்கச் சுவருக்குள் பல மாடல்களில் ஃபிரிட்ஜுடைய சொந்த கேஸ் பைப் ஓடுகிறது.

குழாயைத் திறந்ததும் வெறும் நுரையாகக் கொட்டினால், கெக்கிலிருந்து குழாய்க்கு வரும் டியூபின் நீளம் போதாது என்று அர்த்தம். ஐந்து மில்லிமீட்டர் உள்ளளவு உள்ள டியூபை ஆறேழு மீட்டர் சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். அந்த நீளத்தில் வேகம் குறைந்து சோடா அமைதியாக வரும்.

மாம்பழக் கூழைக் கெக்கில் ஊற்ற ஆசை வரும், கிருஷ்ணகிரிக்காரனுக்கு வராமல் இருக்குமா! ஊற்றாதீர்கள். நார் போய் வால்வை அடைக்கும், நுரை பொங்கும். ஒட்டிய சர்க்கரையில் ஈஸ்ட் பிடித்தால் தானாகவே புளித்து அழுத்தமும் ஏறும். கெக்கில் தண்ணீரும் கேஸும் மட்டுமே. பெங்களூரா மாங்காயைச் செங்காயாகப் பார்த்து வேகவைத்து, துணியில் வடிகட்டி, வெல்லமும் உப்பும் சேர்த்துக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் முதலில் அது ஒரு பங்கு, பிறகு ஓரத்தோடு மெல்ல நாலு பங்கு சோடா. இதோ ஊற்றுகிறேன், அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழி ஏறுகிறது, பாருங்கள். நன்னாரிக்கு எலுமிச்சை பிழிந்தால் இன்னும் அருமை.

ஒரு கெக்கில் 150 மில்லி வீதம் நூற்றிருபது டம்ளருக்கு மேல் வரும், வீட்டு விசேஷத்துக்குத் தாராளம். கடை போட்டு விற்க நினைப்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை முதலில் முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட் வயரிங்கை அடுத்த வீடியோவில் தனியாகக் காட்டுகிறேன்.