கூடத்தை வாங்கியது அப்புறம்தான்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோரே, என் அணித் தோழர்களே, இப்போதுதான் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"லூசில் பால் என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பது நடிப்பாலா, நிர்வாகத் திறமையாலா?" இதுதான் தலைப்பு. பெயரைப் புதிதாகக் கேட்கிறவர்களுக்கு: 1950-களில் 'ஐ லவ் லூசி' என்ற டிவி நகைச்சுவைத் தொடரால் அமெரிக்காவையே சிரிக்க வைத்த நடிகை இவர். நிர்வாகத்தால்தான் என்று ஐயா அடித்துப் பேசினார். அமெரிக்காவில் பெரிய டிவி ஸ்டூடியோ ஒன்றின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண், 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடருக்குப் பச்சைக்கொடி காட்டியவர், 1967-இல் 'டெசிலு' என்ற தன் கம்பெனியை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றவர். எல்லாம் சரி, கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அத்தனை நேரம் பேசியவர், அந்த அம்மா என்ன செய்தால் ஜனம் சிரித்தது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்குப் போய், பந்தல் காண்ட்ராக்ட் எவ்வளவு, பாத்திர வாடகை எவ்வளவு என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லையே ஐயா!

நான் பொண்ணைப் பார்த்துவிட்டு வந்தவள். அதைச் சொல்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்று ஓர் ஊர். 1911 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே பிறந்தார். அப்பா டெலிபோன் கம்பி இழுக்கிற தொழிலாளி. குழந்தைக்கு மூன்று வயதிருக்கும்போது டைபாய்டு அவரைக் கொண்டுபோய்விட்டது. பதின்ம வயதில் நடிப்புப் பள்ளியில் சேர நியூயார்க் நகரத்துக்குப் போனார். அதே பள்ளியில் அப்போது படித்தவர் பெட்டி டேவிஸ், பின்னாளில் ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரம். அவர் ஒரு பக்கம் ஜொலிக்க, நம் லூசிலுக்கு வாயைத் திறக்கவே கூச்சம். இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிரணி நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம், உங்களுக்குப் பயன்படும்!

துணிக்கடை மாடலாக நின்றார். 1933-இல் ஹாலிவுட். அப்புறம் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு நடிகை. எந்தப் படம் கொடுத்தாலும் நடித்தார். பெரிய படத்தோடு துணைக்கு ஓட்டுகிற சின்ன பட்ஜெட் படங்களுக்கு அங்கே 'பி படம்' என்று பெயர். இவரை 'பி படங்களின் ராணி' என்றார்கள். பட்டம் ராணிதான், ஆனால் எந்த ராஜ்ஜியத்துக்கு என்று பாருங்கள். 1940-களில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்குப் போனார். பழுப்புத் தலைமுடிக்கு அங்கேதான் செம்பட்டைச் சாயம் அடித்தார்கள். அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சிவப்பு முடி அசல் இல்லை, ஸ்டூடியோ உபயம்.

1951-இல் அவருக்கு வயது நாற்பது. சினிமாவில் நாற்பது வயது நடிகைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்த நேரத்தில் அவர் கையில் என்ன மூலதனம் இருந்தது? ஐயா சொல்கிற நிர்வாகப் படிப்பு இருந்ததா? சொந்தப் பணம் கொட்டிக் கிடந்ததா? 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற வானொலித் தொடர் மட்டும் இருந்தது. 1948-இலிருந்து சி.பி.எஸ். வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வானொலித் தொடரில் ஒரு விஷயம் நடந்தது. முதலில் லூசில் மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பார்த்து ஒழுங்காகப் படித்தார். சிரிப்பு சுமாராகத்தான் வந்தது. தொடரின் எழுத்தாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர் அவரை அழைத்து, நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். காது கேட்கிற நிகழ்ச்சிக்கு எதற்கு முகம்? ஆனால் பென்னி மைக் முன்னால் நின்றே, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு முகத்தாலும் நிற்கிற விதத்தாலும் நடித்துக் காட்டுவார். அதைப் பார்த்துத் திரும்பிய லூசில் வேறு ஆள். எதிரே ஆள் இருந்தால் இந்தப் பெண்ணுக்குள் ஏதோ பற்றிக்கொள்கிறது என்று சுற்றியிருந்தவர்களுக்குத் தெரிந்துபோனது.

1951-இல் லூசிலும் அவர் கணவரும் சேர்ந்து நடிக்க 'ஐ லவ் லூசி' டிவியில் தொடங்கியது. ஐயா பெருமையாகச் சொன்னாரே, அதை மூன்று கேமரா வைத்து, 35 மில்லிமீட்டர் பிலிமில், ஜனத்தை உட்கார வைத்து எடுத்த தொழில்நுட்பப் புரட்சி என்று? அது பிறந்தது இங்கேதான். அப்போது டிவி நாடகம் என்றால் நியூயார்க்கில் நேரலை. மற்ற ஊர்களுக்குப் போவது டிவி திரையைப் பார்த்துப் படம்பிடித்த மங்கலான நகல். விளம்பரதாரரான சிகரெட் கம்பெனியும் நியூயார்க் வா என்றது. தம்பதி ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்றார்கள். அப்படியானால் பிலிமில் எடுக்க வேண்டும். பிலிமில் எடுத்தால் ஒரு காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள், ஜனம் எங்கே உட்காரும்? ஜனம் இல்லாவிட்டால் லூசில் எங்கே? அதனால் மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நாடகத்தை நாடகமாகவே எடுத்தார்கள். மூன்று கோணத்துக்கும் ஒத்துப்போகிற விளக்கு அமைப்பைச் செய்து கொடுத்தவர் கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படம்பிடித்த மகா கலைஞர். அத்தனை பேரும் ஒரு நடிகையின் உடம்பு எப்படி வேலை செய்கிறதோ, அதற்குத் தக்கபடி ஒரு தொழிற்சாலையைக் கட்டினார்கள் ஐயா. நீங்கள் தொழிற்சாலையைக் காட்டி அதுதான் நடிகையை உண்டாக்கியது என்கிறீர்கள்!

இன்னொன்று. பிலிமுக்கு ஆகும் கூடுதல் செலவுக்காக வாரம் 1000 டாலர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகப் படச்சுருளின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதுதான் பின்னால் மறுஒளிபரப்பில் பொன்னாகக் கொட்டியது. அபாரமான வியாபாரம்தான். ஆனால் அது யார் மூளை? கணவர் டெசி அர்னாஸ். கியூபாவிலிருந்து வந்த பாட்டுக்காரர், மனைவியை விட ஆறு வயது இளையவர். 'டெசிலு' கம்பெனியின் தலைவர் 1962 வரை அவர்தான். எதிரணி நண்பர்களே, உங்கள் வாதத்தில் முக்கால்வாசி டெசி அர்னாஸுக்குச் சேர வேண்டியது. வழக்கை நன்றாக நடத்தினீர்கள், கட்சிக்காரர்தான் மாறிவிட்டார்!

(நடுவர் அவர்களே, மணியைத் தள்ளி வைத்தால் நல்லது. எனக்கு அதைப் பார்த்தாலே பேச்சு வேகமாகிறது.)

சரி, இனி நடிப்புக்கு வருகிறேன். 1952 மே மாதம் ஒளிபரப்பான ஒரு பகுதி. 'ஐ லவ் லூசி'யில் லூசி என்ற குடும்பத்தலைவிக்கு எப்படியாவது மேடையேற வேண்டும், கணவனுக்கு அது பிடிக்காது. ஒரு டானிக் விளம்பரத்தில் நடிக்க வாய்ப்பு வருகிறது. டானிக்கின் பெயர் விட்டாமீட்டாவெஜமின். அதில் நூற்றுக்கு 23 பங்கு ஆல்கஹால் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒத்திகை தொடங்குகிறது. வசனத்தைச் சொல்லி, ஒரு கரண்டி குடித்து, எவ்வளவு ருசி என்று சிரிக்க வேண்டும். முதல் கரண்டி வாயில் போகிறது. முகத்தைப் பாருங்கள்: கண், மூக்கு, வாய் மூன்றும் ஒரே இடத்தில் ஒளிந்துகொள்ளப் பார்க்கின்றன. உதடு மட்டும் சிரிக்க வேண்டும் என்ற உத்தரவை ஞாபகம் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இழுபடுகிறது. இன்னொரு தடவை என்கிறார் இயக்குநர். இன்னொரு கரண்டி. அப்புறம் இன்னொன்று. கசப்பு மெல்ல மெல்லக் கழன்று, முகத்தில் ஓர் ஆர்வம் வருகிறது. வசனத்தில் முதலில் ஓர் எழுத்து நழுவுகிறது, பிறகு ஒரு சொல் இடம் மாறுகிறது, பிறகு டானிக்கின் பெயரே வாய்க்குள் முடிச்சு விழுகிறது. கரண்டியில் ஊற்றினால் கரண்டி நகர்ந்துவிடுகிறது. கடைசியில் கரண்டியை நம்பிப் பயனில்லை என்று பாட்டிலையே தூக்கி வாயில் வைக்கிறாள்.

இதில் எதுவும் அந்த நேரத்தில் தோன்றியது இல்லை. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு படி அதிகமாகப் போதை ஏறியிருக்கிறது. எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. நம் ஊரில் குடிகாரனாக நடிக்கச் சொன்னால் முதல் நிமிடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். இந்த அம்மா கரண்டி கரண்டியாக ஏற்றினார். பாட்டிலில் இருந்தது ஆப்பிள் பெக்டின், சொட்டுப் போதை கிடையாது. வாரம் முழுக்க ஒத்திகை, ஒரு நாள் இரவு சுமார் 300 பேர் முன்னால் படப்பிடிப்பு. அந்தக் கூட்டத்தில் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருப்பார். மகள் வம்பில் மாட்டப்போகிறாள் என்றால் அந்த அம்மா பதறிப்போய் "ஐயையோ" என்கிற தொனியில் ஒரு குரல் கொடுப்பார், அது பல பகுதிகளில் இன்றும் காதில் விழும். பெற்ற தாய்க்கே நிஜம் மாதிரி தோன்றியிருக்கிறது!

அதே ஆண்டு செப்டம்பரில் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி. பெல்ட்டில் சாக்லேட் வருகிறது, லூசியும் தோழி எத்தலும் ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும். பெல்ட் வேகமெடுக்கிறது. வாயில் அடைக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் திணிக்கிறார்கள். மேற்பார்வை அம்மாள் வந்து பார்க்கிறாள், பெல்ட் காலி. பிரமாதம் என்று பாராட்டிவிட்டு, இன்னும் வேகமாக விடுங்கள் என்று உள்ளே குரல் கொடுக்கிறாள்! மாத இலக்கை முடித்தவருக்கு அடுத்த மாத இலக்கைக் கூட்டிக் கொடுக்கிற மேனேஜரிடம் வேலை பார்க்கிறவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், மேனேஜரும் வந்திருக்கலாம்.

1953 ஜனவரி 19. லூசிக்குக் குழந்தை பிறக்கிற பகுதி ஒளிபரப்பானது. நிஜத்திலும் அன்றைக்கே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. 'கர்ப்பம்' என்ற சொல்லையே டிவியில் உச்சரிக்கக் கூடாது என்றிருந்த காலம். ஒரு பாதிரியார், ஒரு போதகர், ஒரு யூத குரு என்று மூன்று பேர் வசனத்தைப் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே படம்பிடித்தார்கள். பார்த்தவர்கள் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் அமெரிக்க ஜனாதிபதியாக ஐசனோவர் பதவியேற்றார். அதை டிவியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம்தான். அந்த 4 கோடி சொச்சம் பேரும் டெசிலுவின் வரவு செலவு அறிக்கையைப் பார்க்கவா உட்கார்ந்தார்கள்?

அப்புறம் ஐயாவின் பிரம்மாஸ்திரம், 'ஸ்டார் ட்ரெக்'. 1966-இல் வெளிவந்தது. கம்பெனி இயக்குநர்கள் செலவைப் பார்த்து வேண்டாம் என்றபோது, இந்த அம்மா எடுக்கச் சொன்னது உண்மை. அந்தத் துணிச்சலுக்கு நானும் கை தட்டுகிறேன். ஆனால் அங்கே உடன் வேலை பார்த்த ஹெர்ப் சோலோ ஒரு சங்கதியைச் சொல்லியிருக்கிறார். ரொம்ப நாள் வரை, 'ஸ்டார் ட்ரெக்' என்றால் சினிமா ஸ்டார்கள் ராணுவ வீரர்களை மகிழ்விக்கப் பயணம் போகிற கதை என்று லூசில் நினைத்துக்கொண்டிருந்தாராம்! விண்வெளிக் கப்பல் என்பதே அப்புறம்தான் தெரிந்ததாம். இதை வைத்து அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கரண்டி டானிக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கப்பலைப் பற்றித் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1960 மார்ச் 2. டெசியோடு சேர்ந்து அவர் நடித்த கடைசி லூசி–ரிக்கி கதை படமானது. ரிக்கி என்பது லூசியின் கணவனாக டெசி நடித்த பாத்திரம். வீட்டில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. காட்சியின் முடிவில் இருவரும் முத்தமிட வேண்டும், முத்தமிட்டார்கள். மறுநாள் விவாகரத்து மனு போட்டார். முந்தின நாள் சிரிப்புக் காட்சியில் நடித்துக் கொடுத்துவிட்டுப் போய் மனு போடுவது எந்த நிர்வாகக் கல்லூரியில் சொல்லித் தருகிற திறமை?

டெசியின் பங்கை வாங்கி 1962-இல் தலைவரானார். ஐந்தே வருடம். விற்றுவிட்டார். நாற்காலியை விட்டார், நடிப்பை விட்டாரா? 1974 வரை வாராவாரம் டிவியில் வந்தார். 1986-இல், எழுபத்தைந்து வயதில், 'லைஃப் வித் லூசி' என்று மறுபடி ஒரு தொடர். அது ஓடவில்லை. 13 பகுதி எடுத்து 8 தான் ஒளிபரப்பினார்கள். தோல்விதானே என்று ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள். பணத்துக்குக் குறைவில்லை, பெயருக்குக் குறைவில்லை. முதலாளியாக மட்டும் இருந்திருந்தால் எந்த முதலாளி எழுபத்தைந்து வயதில் ஜனத்தின் முன்னால் போய் வம்பில் மாட்டிக்கொள்கிற கிழவியாக நடிப்பார்?

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்பார்கள். இருபது வருடம் கோணல் கூடத்தில் ஆடியவர் இவர். சம்பளத்துக்கு நின்ற அதே ஆர்.கே.ஓ. கூடத்தை 1957-இன் கடைசியில் சுமார் 60 லட்சம் டாலருக்கு இவர்கள் கம்பெனி வாங்கியது. ஐயா வாங்கிய கதையை மட்டும் சொன்னார். ஆடிக் காட்டிய கதை முன்னால் இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்களா? ஒரே ஒரு நிமிடம், நடுவர் அவர்களே. அவர் வளர்ந்த செலரான் ஊரில் 2009-இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். முகம் அவர் முகமாகவே இல்லை. பல்லும் கண்ணும் பயமுறுத்துகிற மாதிரி. ஊரே கொதித்தது, 'பயமுறுத்தும் லூசி' என்று உலகமே கேலி செய்தது. 2016-இல் அவருடைய பிறந்தநாளன்று புதுச் சிலை வந்தது. முகம் சரியில்லை என்றுதான் சண்டை. முதலாளிக்கு வைத்த சிலையென்றால் முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மாலையைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பழைய சிலையையும் உருக்கவில்லை, அதே பூங்காவில்தான் நிற்கிறது. அதன் கையில் ஒப்பந்தக் காகிதமோ பேனாவோ இல்லை ஐயா. ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் கரண்டி.

நன்றி, வணக்கம்.