கொழுப்பு மாத்திரையும் நம் ஊர் ரத்தப் பரிசோதனையும்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, இடம் தந்த நூலகர் அவர்களே, சுண்டல் செய்து தந்த மகளிர் குழுச் சகோதரிகளே, முன்வரிசைப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது, யார் கண்டுபிடித்தார், பக்கவிளைவு உண்டா என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். மாரடைப்பு என்ற வெள்ளம் வருமுன் தடுக்கத்தான் இந்த மாத்திரை வந்தது.

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் உடம்பே தயாரிப்பது. கல்லீரலில் அதற்கு உதவும் நொதியை ஸ்டேட்டின் தடுக்கிறது. உடனே கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். கெட்ட கொழுப்பு குறையும்.

கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. டோக்கியோவில் சாங்கியோ மருந்துக் கம்பெனியில் 1971இல் தேடத் தொடங்கினார். ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார். கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? கியோட்டோவில் ஒரு கடை அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில்! சரி, எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு இறங்கவே இல்லை. வேறொருவர் என்றால் அதோடு மூட்டை கட்டியிருப்பார். முட்டையில் கொலஸ்ட்ரால் அதிகம், அப்படியானால் முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் நிறைய இருக்குமே என்று எண்டோ யோசித்தார். கோழிக்குக் கொடுத்தார்கள். கொழுப்பு பாதியளவுக்கு இறங்கியது! அந்த வழியில் வந்த லோவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் மாத்திரைக்கு 1987இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: அதே வகை மாத்திரையான சிம்வாஸ்டேட்டின் சாப்பிட்டவர்களிடம், சாப்பிடாதவர்களைவிட இறப்பு 30 சதவீதம் குறைவு.

பக்கவிளைவு பற்றி மருத்துவர் ஐயா விரிவாகப் பேசுவார். தசைவலி வந்தால் அவரிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எனக்கு முக்கியம் வேறு. கொழுப்பு ஏறினால் வலிக்காது, பரிசோதித்தால்தான் தெரியும். நம் ஊரில் அந்தப் பரிசோதனைக்கு வழியில்லை. வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து டவுனுக்குப் போய், ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வாங்க மறுநாள் மறுபடி போக வேண்டும். கூலிக்குப் போகிற அக்காவுக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு. யார் போவார்? வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொன்னால் போதுமா, மண்வெட்டி வேண்டாமா? பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நம்மிடம் இருக்கிறது. மாதம் ஒருநாள் நம் துணை சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்க ஓர் ஆளை அனுப்ப முடியாதா?

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். வரக்கூடியவர்கள் காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள்.